பால் காய்ச்ச நாள் பார்க்குமுன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். சாட்ஸ்வொர்த்தில் எல்லோரும் சுகம். நான்கு நாளாக விடாத மழை.

சென்சூரியனில் மனை வாங்கியாயிற்று, கடன் இல்லாமல் கைப்பணத்திலேயே கட்டப்போகிறோம் என்று மாப்பிள்ளை சொன்னார். வட்டி மிச்சம், சரி. ஆனால் பேங்க் பார்த்திருக்கும் வேலையை இனி நீதான் பார்க்க வேண்டும். பில்டர், வீடு கட்டுகிறவர்களைப் பதிவுசெய்யும் தென்னாப்பிரிக்க அமைப்பான என்.எச்.பி.ஆர்.சி.யில் பதிவானவரா, உன் வீட்டை அங்கே சேர்த்திருக்கிறாரா என்று உறுதிசெய்யாமல் பேங்க் கடன் கொடுக்கக் கூடாது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் அது. வேலை தொடங்க 15 நாள் முன்பே சேர்த்திருக்க வேண்டும். "எல்லாம் ஆச்சு" என்பார். சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்.

நம் பின்னறைச் சுவர் ஞாபகமிருக்கிறதா? 1994இல் கட்டியது. அப்போது இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. தெரிந்த ஆள்தானே என்று பிளான்கூடப் போடாமல் முக்கால்வாசிப் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டேன். கூரை போட்டதோடு ஆளைக் காணோம். ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் இறங்கியது. எவ்வளவு வளர்கிறது என்று பார்க்க, அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பேன். நீயோ அது உன் உயரம் அளக்கிற கோடு என்று முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பாய்.

2013இல் டர்பன் பக்கம் டொங்காட்டில் பாதி கட்டிய மால் இடிந்து 2 பேர் செத்தார்களே, அதற்கும் பிளான் அனுமதி இல்லை. வேலையை நிறுத்தச் சொல்லிக் கோர்ட் உத்தரவே இருந்தது.

உங்கள் பக்கம் மண் வேறு மாதிரி. அடியில் டோலமைட் பாறை, தண்ணீர் பட்டால் மெல்லக் கரைகிற வகை. குழாய் கசிந்தால்கூடத் தரை உள்வாங்கும். அதனால் மண் பரிசோதனை அறிக்கையைக் கேள். அதைக் கேட்டால் முகம் சுளிக்கிற பில்டர் நமக்கு வேண்டாம்.

குடிபோன நாளிலிருந்து சின்னக் குறைகளுக்கு 3 மாதம், கூரை ஒழுகினால் ஒரு வருடம், அஸ்திவாரம், சுவர் மாதிரிப் பெரிய பழுதுக்கு 5 வருடம் பில்டர் பொறுப்பு. எதையும் போனில் சொல்லாதே, எழுதிக் கொடு.

பால் காய்ச்ச நாள் பார்க்கட்டுமா என்று அம்மா கேட்கிறாள். முனிசிபாலிட்டி குடியேறும் சான்றிதழ் கொடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. நீ ஒரு போன் போட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா