லோடு வண்டி வாங்கும் முன் எடைமேடைக்குப் போங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக லோடு வண்டி வாங்கித் தொழில் தொடங்குவது பற்றிச் சென்ற வாரம் உங்கள் தொழில் பக்கத்தில் வந்த கட்டுரையை எங்கள் தெருப் பையன் ஒருவன் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினான். இருபத்து மூன்று வயது, பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை, அப்பாவுடைய பி.எஃப். பணம் கொஞ்சம் வந்திருக்கிறது. "எந்த வண்டி எடுக்கறதுங்கண்ணா?" என்றான். கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முன்பணம், டியூ, மைலேஜ், மாதம் என்ன மிஞ்சும் என்று எல்லாம் இருந்தது, அந்த வண்டியில் எதை ஏற்றப் போகிறோம் என்பது மட்டும் ஒரு வரிகூட இல்லை. திருப்பூரில் பதினான்கு வருஷமாகத் துணி ஏற்றுகிறவன் நான், அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2012-ல் முக்கால் டன் வண்டி ஒன்று எடுத்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு வண்டியுடையது இல்லை, என்னுடையது. விற்றவர் 750 கிலோ ஏற்றலாம் என்றார். சரி, ஒரு துணி ரோல் 25 கிலோ, முப்பது ரோல் போகும், ஒரு நடைக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இத்தனை நடை என்று வீட்டில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதற்கு முன்னால் நான்கு வருஷம் லோடுமேனாக இருந்தபோது மழையில் துணி நனைந்து முதலாளி பட்ட பாட்டைப் பார்த்திருந்ததால், எனக்கு மூடின வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதம். தகரத்தில் பெட்டி மாதிரி பாடி கட்டினேன், பின்னால் இரட்டைக் கதவு, உள்ளே பிளைவுட், பார்க்க அம்சமாக இருந்தது.

மூன்றாவது வாரம் வண்டி ஏற்றத்தில் திணறியது, பின்பக்கம் பாரத்தைத் தாங்குகிற கமான் பட்டை (ஸ்பிரிங்) உட்கார்ந்தே இருந்தது. மெக்கானிக் ஒன்றும் செய்யவில்லை, "முதல்ல எடைமேடையில நிறுத்திட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். காலி வண்டியை நிறுத்தி, சீட்டை வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் இருந்த மொத்த எடையிலிருந்து கழித்தேன். 540 சொச்சம் கிலோதான் வந்தது. நான் ஆசையாகக் கட்டிய பெட்டியே 200 கிலோவுக்கு மேல் தின்றுவிட்டது. அதில் நானும் லோடுமேனும் உட்கார்ந்தால் இன்னொரு 130 போய்விடும். முப்பது ரோல் வண்டி என்று வாங்கியது சட்டப்படி பதினாறு ரோல் வண்டி. அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது, எழுத்து மங்கிவிட்டது.

விற்கிற இடத்தில் சொல்கிற எடை வேறு, உங்களுக்கு மிஞ்சுகிற எடை வேறு. ஆர்.சி.யில் இரண்டு எண் இருக்கும், வெறும் வண்டியின் எடை ஒன்று, லோடோடு சேர்த்து மொத்த எடை ஒன்று. நாம் பிறகு கட்டுகிற பாடி, தார்ப்பாய், கயிறு, டிரைவர், லோடுமேன், சீட்டுக்குக் கீழே கிடக்கிற பழைய இரும்பு எல்லாமே அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அடங்க வேண்டும். கேஸ் வண்டி என்றால் சிலிண்டரின் எடையும் ஏற்றுகிற லோடைக் குறைத்துவிடும். மாருதி சூப்பர் கேரியையே எடுத்துக்கொள்ளுங்கள், பெட்ரோலில் 740 கிலோ ஏற்றலாம் என்கிற அதே வண்டிக்கு சி.என்.ஜி.யில் 625 கிலோதான். கம்பெனிக்காரன் ஒளிக்கவில்லை, அச்சடித்தே கொடுக்கிறான், நாம்தான் மைலேஜ் போட்டிருக்கிற பக்கத்தை மட்டும் படிக்கிறோம்.

துணி ஏற்றுவதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனியிலிருந்து சாயப்பட்டறைக்குப் போகிற ரோல் பார்க்கச் சின்னதாக இருக்கும், தூக்கினால் தெரியும் கனம். முப்பது ரோலைப் பரப்பி அடுக்கினால் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியில் முழங்கால் உயரத்துக்குத்தான் வரும். எடை முடிந்துபோயிருக்கும், வண்டியோ முக்கால்வாசி காலியாகத் தெரியும். நிட்டிங் ஓனர் வெளியே வந்து எட்டிப் பார்ப்பார். "இடம் இருக்குதுங்களே, இன்னொரு பத்து ரோல் போட்டுக்கங்க" என்பார். இந்த ஊரில் லோடு வண்டிக்காரனைக் கெடுக்கிற வார்த்தை அதுதான். மாட்டேன் என்றால் அடுத்த நாள் வேறு வண்டியைக் கூப்பிடுவார். சரி என்றால் பத்து இருபதாகும், இருபது முப்பதாகும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பத்து ரோலுக்கு எனக்குக் கிடைக்கிற வாடகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போலீஸ் பிடிக்காத நாளில் டயர் பிடித்துக்கொள்ளும், அது வேறு.

பேக்கிங் முடிந்த அட்டைப் பெட்டி இதற்கு நேர் எதிர். பெட்டி பத்துப் பன்னிரண்டு கிலோதான், ஆனால் இடத்தை அடைக்கும், அழுத்தினால் நசுங்கும். அதற்கு எடை தாங்குகிற வண்டியைவிட நீளமும் உயரமும் உள்ள வண்டிதான் லாபம், மூடின பாடி கட்டாயம் வேண்டும். ஆகவே காதர்பேட்டையிலிருந்து பார்சல் ஆபீசுக்குப் பெட்டி ஓட்டுகிறவனுக்கும் நிட்டிங்கிலிருந்து வீரபாண்டிப் பக்கம் சாயத்துக்கு ரோல் ஓட்டுகிறவனுக்கும் ஒரே வண்டி சரிப்படாது. இருவரும் ஒரே ஸ்டாண்டில் நின்று டீ குடிக்கிறோம், ஒருவன் வண்டியைப் பார்த்து இன்னொருவன் வாங்கிவிடுகிறான், அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது.

2005-ல் டாடா ஏஸ் வந்து எல்லாச் சின்ன லோடு வண்டிக்கும் குட்டி யானை என்ற பெயரே ஒட்டிக்கொண்டது, சந்து பொந்தெல்லாம் நுழைகிற வண்டி, எங்கள் ஊர் இராயபுரம் மாதிரி இடத்தில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது, ஒன்றேகால் டன். பொலிரோ பிக்கப் அதற்கும் முன்பிருந்தே ஓடுகிறது. எது நல்ல வண்டி என்று என்னைக் கேட்டால் எல்லாமே நல்ல வண்டிதான். உங்கள் லோடு முக்கால் டன்னா, ஒன்றேகால் டன்னா, ஒன்றரை டன்னா என்பதுதான் கேள்வி, அதற்கு விடை ஷோரூமில் இல்லை.

தூரமும் ஒரு கணக்கு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகளைக் கொஞ்ச காலத்துக்கு மூடினார்கள், துணியை வெளியூர் கொண்டுபோய்ச் சாயம் போட்டு வர வேண்டியதாயிற்று. அப்போது நான் லோடுமேன். அதுவரை ஊருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த சின்ன வண்டிகள் திடீரென்று நெடுஞ்சாலையில் ஏறின. இரண்டு சிலிண்டர் என்ஜினை முழு லோடோடு மணிக்கணக்கில் மிதித்தால் என்ன ஆகும்? எத்தனையோ பேர் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். இப்போதும் பெருந்துறை சிப்காட்டுக்கு வாடிக்கையாகப் போகிறவர்கள் விஜயமங்கலம் சுங்கச்சாவடியையும் சேர்த்துத்தான் வாடகை பேச வேண்டும், நிறையப் பேர் பேசுவதில்லை.

டீசலா பெட்ரோலா என்று பையன் கேட்டான். முன்பென்றால் யோசிக்காமல் டீசல் என்பேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்கிற புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. புது டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கிறது, அந்தக் கரி எரிந்து போக வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓடிச் சூடேற வேண்டும். நாம் ஓட்டுவதோ மூன்று கிலோமீட்டர், அப்புறம் கேட்டில் ஒரு மணி நேரம் காத்திருப்பு, அப்புறம் ஐந்து கிலோமீட்டர். டாஷ்போர்டில் விளக்கு எரியும், ராத்திரி லோடு இல்லாமல் அவிநாசி ரோட்டில் சும்மா ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வரவேண்டும், அந்த எண்ணெய்க்கு யார் வாடகை தருவார்கள்? ஊருக்குள்ளேயே சுற்றுகிறவனுக்கு பெட்ரோல் போதும். மின்சார வண்டியையும் ஒதுக்க வேண்டாம், 2022-ல் ஏஸ் மின்சார வண்டி வந்தபோது 600 கிலோதான் என்று சிரித்தோம், 2024-ல் ஒரு டன் வண்டியே வந்துவிட்டது. சாயப்பட்டறை வாசலில் டி.சி. (சரக்கோடு போகிற டெலிவரி சலான்) வாங்கக் காத்துக் கிடக்கிற தொழிலுக்கு அது பொருந்தும் என்றே நினைக்கிறேன், ஆனால் ராத்திரி சார்ஜ் போட வீட்டு வாசலில் இடம் வேண்டும், வாடகை வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை.

இன்னொன்று, இதை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. வெள்ளைத் துணி ஏற்றுகிற வண்டியில் வேறு எதையும் ஏற்ற முடியாது. ஒருமுறை காங்கேயம் பக்கம் துணி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப மனசில்லாமல் தேங்காய் ஏற்றினேன். வந்து பெருக்கினேன், கழுவினேன், காய வைத்தேன், பாய் விரித்தேன், எல்லாம் செய்தும் மறுநாள் போன துணியில் பழுப்பு நிறத்தில் நார். செக்கிங்கில் பிடித்து நான்கு ரோலுக்கு டெபிட் போட்டார்கள், அதாவது நஷ்டத்தை என் கணக்கில் கழித்தார்கள். தேங்காய் வாடகை 900 ரூபாய், டெபிட் எவ்வளவு என்று கேட்காதீர்கள், வீட்டுக்காரிக்கு இன்றுவரை தெரியாது, இந்தக் கடிதத்தை அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். அதனால் ரிட்டர்ன் லோடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் டியூவுக்குக் கணக்குப் போடாதீர்கள். ஒரு வழி வாடகையிலேயே கட்ட முடிகிற டியூவாகப் பாருங்கள்.

இப்போது என்னிடம் இருப்பது ஒன்றேகால் டன் வகையைச் சேர்ந்த திறந்த வண்டி. மூன்று பக்கமும் கதவு இறங்கும், மேலே குழாயை வளைத்து இரண்டு தார்ப்பாய் போட்டிருக்கிறேன், ஒன்று கிழிந்தால் இன்னொன்று. பக்கவாட்டில் இறக்கலாம் என்பதால் குறுகிய சந்தில் வண்டியைத் திருப்பிப் பின்பக்கம் காட்ட வேண்டியதில்லை, லோடுமேன் முதுகு பிழைத்தது. மழைக்காலத்தில் பயம்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

காகித விஷயத்திலும் ஏஜென்டுகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. கார் ஓட்டுகிற எல்.எம்.வி. லைசென்ஸை வைத்துக்கொண்டே 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த எட்டாவது வருஷத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், விற்கிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் விற்கிறார். பழைய வண்டியில் சேஸிஸில் எங்காவது வெல்டிங் வைத்திருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள், பெயிண்ட் மினுமினுப்பை விட்டுவிடுங்கள். புது வண்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அந்த வித்தியாசத்தைக் கேட்டு வாங்குங்கள், அதைக் காட்டிப் பெரிய வண்டியைத் தலையில் கட்டவும் பார்ப்பார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வண்டிகளை ஒப்பிட்டுக் கட்டுரை போடும்போது விலை, மைலேஜ் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் போடுங்கள்: காலி எடை, மொத்த எடை, தரையிலிருந்து லோடு தட்டின் உயரம். மூன்றாவது எதற்கு என்று கேட்டால், ஒரு நாளைக்கு நூறு ரோல் தூக்கி வைக்கிற ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்.

பையனிடம் வண்டியை அப்புறம் வாங்கலாம், முதலில் மூன்று மாதம் என்னோடு வா என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. அட்வான்ஸ் கட்ட வெள்ளிக்கிழமை நாள் பார்த்து வைத்திருந்தானாம். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், முதல் நடையே எடைமேடைதான், சீட்டை அவன் கையில் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
லோடு வண்டி ஓட்டும் வாசகர் ஒருவர்,
திருப்பூர்