சென்னை ஐ.ஐ.டி. மூளை மையம்: உயிரியல் ஆசிரியர் குழுவுக்கு ஓர் அறிவிப்பு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-இல் தொடங்கப்பட்ட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தைப் பற்றிச் சிலர் கேட்டிருந்ததால், அங்கு நடைபெறும் பணியைச் சுருக்கமாகப் பதிவிடுகிறேன்.

மனித மூளையை முழுதாக உறையவைத்து, தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாக அறுத்து, கண்ணாடித் தகடுகளில் ஏற்றிச் சாயமிட்டு, செல்கள் தெரியும் அளவுக்கு நுட்பமாகப் படமெடுத்து, அப்படங்களைக் கணினியில் மீண்டும் முப்பரிமாணமாக அடுக்குவதே இம்மையத்தின் அடிப்படை வேலையாகும். இம்முறையில், கருவளர்ச்சியின் 14 முதல் 24 வாரம் வரையிலான 5 சிசு மூளைகளின் 5,132 சீவல்களைக் கொண்ட ‘தரணி’ என்னும் தொகுப்பு 2024 டிசம்பரில் வெளியானது. நீளமான ஆங்கிலத் தலைப்பிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கியெடுத்து அமைத்த பெயர்தான் என்றாலும், நன்றாகவே பொருந்தியிருக்கிறது.

இத்தொகுப்பை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்பதே நமக்குப் பெரிய வசதி. நரம்பு மண்டலப் பாடம் எடுப்பவர்கள் பாடநூல் படத்தோடு நிறுத்திவிடாமல், ஒரு சீவலைத் திரையில் திறந்து படிப்படியாகப் பெரிதாக்கிக் காட்டினால், வெறும் நிறத்திட்டாகத் தெரிந்த புறணி (மூளையின் வெளி அடுக்கு) தனித்தனிச் செல்களாகப் பிரிவதை மாணவர்கள் தாங்களே காண்பார்கள். காண்பவை கருச்சிசுவின் மூளைகள் என்பதை முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுவது நல்லது.

படங்கள் கனமானவை; ஆகவே பள்ளியின் இணைய வேகத்தை முந்தைய நாளே சோதித்துக்கொள்ளுங்கள். கைபேசியைவிடக் கணினியே இதற்கு ஏற்றது.