கேட்டது சின்ன விஷயம்தான், பாப்பா

பாம்பன்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய் என்பது எனக்குத் தெரியும். அதனால் தாளில் எழுதி, தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என் கையெழுத்து புரியவில்லை என்றால் அவனைக் கேள்.

போன வாரம் கிரிக்கெட் முகாமிலிருந்து நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, இன்ஸ்டாகிராமில் ஒருத்தர் வந்தார் என்று, அவரைப் பற்றித்தான். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் பிடித்துத் தருகிறேன் என்றாராம். ஸ்பைக்ஸ் ஷூ அனுப்பி வைக்கிறேன், அளவு சொல்லும்மா என்றாராம். இரண்டு நாள் விட்டு, "உங்க ஓப்பனருக்கு விரல்ல அடின்னு கேள்விப்பட்டேன், நாளைக்கு ஆடுவாங்களா?" என்று உங்கள் அணியில் முதலில் இறங்கி ஆடுகிற பிள்ளையைப் பற்றிக் கேட்டாராம். நீ பதில் சொல்லாமல் ஒரு கும்பிடு படத்தைப் போட்டுவிட்டு விட்டுவிட்டாய். "நல்ல மனுஷனா இருக்காரே" என்றாள் உன் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏன் என்றால், நான் மீன் ஏலக் கொட்டகையில் கணக்கு எழுதுகிறவன். நம்ம கரையில் படகுக்காரருக்கு எஞ்சின் பழுதானால் யார் பணம் தருகிறார்? வியாபாரிதான். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, "மெதுவா குடுங்க மாமா" என்பார். அதற்குப் பிறகு அந்தப் படகு மீன் வேறு கைக்குப் போகாது. ஏலம் கேட்கத் தரகன் வந்து நிற்பான், வாயைத் திறக்க மாட்டான். வியாபாரி சொன்னதுதான் விலை. கூடை கூடையாக நண்டு இறங்குகிற நாளிலும் படகுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கடனைக் கட்டிவிட்டு வெளியே வந்துவிடலாமே என்று உனக்குத் தோன்றும். அது கட்டி முடிகிற கடனாக இருக்காது. கட்டி முடிந்துவிடக் கூடாது என்றுதானே கொடுப்பது.

ஷூவும் அந்த முன்பணம்தான், தாயி.

தென்னாப்பிரிக்கா கேப்டன் ஹான்சி குரோனியே கதை உனக்குத் தெரியும், ஆனால் அதில் எனக்கு மறக்காத ஒரு விஷயம் உண்டு. 2000-ஆம் வருஷம் ஜனவரியில் செஞ்சூரியனில் இங்கிலாந்தோடு டெஸ்ட். மழையில் செத்துப்போன ஆட்டம். அதற்கு எப்படியாவது ஒரு முடிவு வர வேண்டும் என்று சூதாட்டக்காரன் ஒருவன் கேட்க, இவர் தன் அணியின் ஒரு இன்னிங்ஸை ஆடாமலேயே விட்டுக்கொடுத்தார். கைக்கு வந்தது 53,000 ராண்ட் பணமும் ஒரு தோல் ஜாக்கெட்டும். ஒரு நாட்டு கேப்டன், ஜாக்கெட் வாங்க வக்கில்லாதவரா? அந்த ஏப்ரலில் சூதாட்டக்காரர்களோடு அவர் பேசிய போன் பேச்சை டெல்லி போலீஸ் வெளியே விட்டதும் எல்லாம் முடிந்தது. ஆயுள் தடை. உனக்கு ஷூ வேண்டுமானால் நான் வாங்கித் தருகிறேன். தம்பியிடம் அளவை எழுதி அனுப்பு, விலையைப் பார்க்காதே.

'அது பெரிய ஆட்டம், பெரிய ஆள். நம்ம பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள், யார் பந்தயம் கட்டுவார்கள்?' என்று நீ நினைக்கலாம். யாரும் பார்க்காத ஆட்டம்தான் சூதாட்டக்காரர்களுக்கு வசதி. கேமரா குறைவு, பேட்டா குறைவு, பத்திரிகைக்காரன் இல்லை. ஆனால் யாராவது ஒருத்தர் யூடியூபில் நேரலை விட்டால் போதும், எங்கோ ஒரு நாட்டில் பணம் விழும். யார் ஜெயிப்பார்கள் என்று கட்டுவது பழைய காலம். இப்போது முதல் ஆறு ஓவரில் எத்தனை ரன், இந்த ஓவரில் நோ பால் உண்டா, யார் முதலில் அவுட் என்று துண்டு துண்டாகக் கட்டுகிறார்கள். ஆகவே உன்னை யாரும் "ஆட்டத்தைத் தோற்றுக் கொடு" என்று கேட்கப் போவதில்லை. ஓப்பனர் விரலைத்தான் கேட்பார்கள். அந்தப் பிள்ளை ஆடாது என்பது மற்றவனுக்கு முன்னால் தெரிந்தால், அதுவே காசு.

2022-இல் குஜராத்தில் நடந்த கூத்தைக் கேள். மேசானா மாவட்டத்தில் மோலிப்பூர் என்று ஒரு கிராமம். வயலைச் சமப்படுத்தி, ஹாலோஜன் விளக்குக் கட்டி, கேமரா வைத்து, ஐபிஎல் மாதிரியே ஒன்றை நடத்தினார்கள். ஆடியவர்கள் பண்ணைக் கூலிகள், ஆட்டத்துக்கு 400 ரூபாய். ஜெர்சியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வெவ்வேறு அணியாக வந்தார்கள். டெலிகிராமில் பந்தயம் கட்டியவர்கள் ரஷ்யாவில் இருந்தார்கள். எந்தப் பந்தில் நாலு, எந்தப் பந்தில் அவுட் என்று நடுவர் காதில் வாக்கி டாக்கியில் சொல்ல, நடுவர் மட்டை பிடிக்கிறவனுக்குச் சைகை காட்டுவாராம். வர்ணனைக்கு, டிவி வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே குரலில் பேச ஒரு ஆள் வேறு! கால் இறுதி வரை வந்த பிறகுதான் போலீஸ் போய் நின்றது. படிக்கும்போது சிரித்தேன். அப்புறம், மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கிற இரண்டு மாதமும் நம்ம பையன்கள் கருவேலங்காட்டை வெட்டிப் பொட்டலாக்கி டோர்னமென்ட் நடத்துகிறார்களே, அதையும் இப்போது நேரலை விடுகிறார்களே என்று நினைத்தேன். போன கோடையில் அங்கே ஒரு வெளியூர் ஆள் நாள் முழுக்கக் காதில் போனோடு உட்கார்ந்து பந்துக்குப் பந்து சொல்லிக்கொண்டிருந்தான். யாருக்குச் சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான், குடித்தோம்.

பெண்கள் கிரிக்கெட்டுக்கே வருகிறேன். வங்கதேசத்தின் ஷோஹேலி அக்தர் பெயரை நீ கேள்விப்பட்டிருப்பாய். 2023 டி20 உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவில் நடந்தபோது அந்தப் பெண் அணியில் இல்லை, ஊரில் இருந்தாள். அங்கிருந்து, ஆடப் போன தன் தோழிக்கு ஃபேஸ்புக்கில் குரல் பதிவு அனுப்பினாள். ஆஸ்திரேலியா ஆட்டத்தில் ஹிட் விக்கெட், அதாவது தன் ஸ்டம்பைத் தானே தட்டி அவுட் ஆனால் 20 லட்சம் டாக்கா என்று. சொந்தக்காரப் பையன் ஒருவன் பந்தயம் கட்டுகிறான், அவனுக்காக என்றாள். தோழி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, உலகக் கிரிக்கெட் அமைப்பான ஐசிசியின் ஊழல் தடுப்புப் பிரிவிடம் அந்தப் பதிவுகளையே கொடுத்துவிட்டாள். 2025 பிப்ரவரியில் ஷோஹேலிக்கு ஐந்து வருஷத் தடை. இந்தக் குற்றத்துக்காகத் தடை வாங்கிய முதல் பெண் அவள்தான். இதில் கவனி, கேட்டது கூட ஆடிய பெண், அறிமுகமில்லாத ஆள் இல்லை. நாளைக்கு உன்னிடமும் ஒரு அக்கா வந்து கேட்கலாம்.

பதில் சொல்லாமல் விட்டதே போதும் என்று நீ நினைத்தால், வங்கதேசத்து ஷாகிப் அல் ஹசனைப் பார். காசு வாங்கவில்லை, ஆட்டத்தை விற்கவில்லை. ஒரு ஆள் திரும்பத் திரும்ப உள் விவரம் கேட்டதை மேலே சொல்லவில்லை, அவ்வளவுதான். 2019 அக்டோபரில் இரண்டு வருஷத் தடை போட்டு, அதில் ஒரு வருஷத்தை நிறுத்தி வைத்தார்கள். உலகத்திலேயே முன்னணி ஆல்ரவுண்டருக்கே இந்தக் கதி. நம்ம தமிழ்நாடு பிரீமியர் லீக்கான டிஎன்பிஎல்லிலும் அதே வருஷம் ஆட்டக்காரர்கள் சிலருக்கு ஊர் பேர் தெரியாத ஆட்களிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. அவர்கள் கிரிக்கெட் வாரியத்துக்குத் தெரிவித்தார்கள், விசாரணை நடந்தது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் இருந்துவிடாதே. நம்ம நாட்டுச் சட்டத்தில் இந்த இடம் பெரிய ஓட்டை. பாகிஸ்தானின் ஆமிர், ஆசிப், பட் மூன்று பேரும் 2010-இல் லார்ட்ஸில் காசுக்கு நோ பால் போட்ட விவகாரத்தில் மாட்டினார்கள், மறு வருஷமே லண்டன் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியது. சூதாட்டத்தில் ஏமாற்றுவது அங்கே தனிக் குற்றம். இங்கே? 2013 ஐபிஎல் சூதாட்ட வழக்கில் பிடித்தவர்களை 2015-இல் டெல்லி நீதிமன்றம் விடுவித்துவிட்டது. கர்நாடகா பிரீமியர் லீக் வழக்கில், ஆட்டத்தை விற்பது இந்திய தண்டனைச் சட்டப்படி மோசடி ஆகாது, வேண்டுமானால் வாரியம் நடவடிக்கை எடுக்கலாம் என்று 2022-இல் அங்குள்ள உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதற்கென்று 2013-இல் மத்திய அரசு போட்ட வரைவு வரைவாகவே போனது. தனுஷ்கோடிக்கு எதிரே இருக்கிற இலங்கையில் 2019-லேயே சட்டம் வந்துவிட்டது, பத்து வருஷம் வரை சிறை. இலங்கைச் சட்டம் என்றாலே படகைப் பிடிக்கிற சட்டம்தான் நமக்கு ஞாபகம் வரும், ஆனால் இந்த ஒன்றில் அவர்கள் நமக்கு முன்னால் இருக்கிறார்கள்.

சூதாட்டத்தை நிறுத்தத்தான் நம்ம தமிழ்நாட்டில் சட்டம் மேல் சட்டமாகப் போட்டார்கள். 2003-இல் லாட்டரியை நிறுத்தினபோது நம்ம கரைப் பெண்கள் பட்ட சந்தோஷம் எனக்கு நினைவிருக்கிறது. பாதிக் கூலி சீட்டுக் கடைக்குப் போன காலம் அது. அப்புறம் போனில் வந்தது ரம்மி. 2021-இல் போட்ட சட்டத்தை அந்த வருஷமே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்து நீதிபதி சந்துரு குழு அமைத்து 2022-இல் சட்டமன்றம் புதிதாக ஒன்று போட்டது. ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடியும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அப்புறமும் ரம்மி, போக்கரை அந்தத் தடையிலிருந்து நீதிமன்றம் எடுத்துவிட்டது. பிறகு ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 வரை ஆடக் கூடாது என்று விதி வந்தது. கடலுக்குப் போகிற நம்ம ஊர்க்காரன் முழித்திருக்கிற நேரமே அதுதான், அதனால் அந்த விதி எனக்குப் பிடித்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே, திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டது. நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். இந்திய அணிச் சட்டையிலிருந்த, காசு கட்டி ஆடுகிற ஆப்பான ட்ரீம்11 பெயரும் போனது.

கிரிக்கெட் வாரியத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு 2016-லும், முழுத் தடை முடியாவிட்டால் என்று சட்ட ஆணையம் 2018-லும் வேறு மாதிரி சொல்லின. பந்தயத்தை உரிமம் கொடுத்து முறைப்படுத்தினால், ஒன்றுமில்லாத ஒரு ஆட்டத்தில் திடீரென்று பணம் குவியும்போது அது கண்ணில் படும், விளையாட்டு வாரியத்துக்குத் தகவல் போகும் என்பது அந்தப் பக்கத்து வாதம். மூடி வைத்தால் இருட்டில் நடக்கும் என்கிறார்கள். வாதத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் கூலி வாங்கின கையோடு போனைத் திறக்கிற பையன்களைத் தினமும் பார்க்கிறவன் நான். என் ஓட்டு தடைக்குத்தான்.

இருட்டில் நடப்பதும் உண்மைதான். இரண்டு மாதம் முன்னால் படகுத்துறைப் பக்கம் ஒருவன் வந்து, பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடுத்தால் மாதம் கொஞ்சம் பணம் தருகிறேன் என்று சுற்றினான். பந்தயப் பணத்தைப் போட்டு எடுக்க வாடகைக் கணக்கு. படகில் கூலிக்குப் போகிற பையன் ஒருவன் கொடுத்தும்விட்டான். இப்போது கணக்கு முடக்கப்பட்டு, தடைக்கால நிவாரணமும் எடுக்க முடியாமல், வடநாட்டு ஸ்டேஷன் ஒன்றிலிருந்து நோட்டீஸ் வந்து, அவன் அம்மா அதை என்னிடம் கொண்டு வந்து படிக்கச் சொன்னாள். இந்தியில் இருந்தது. உன் பாஸ்புக்கையும் சிம்மையும் யாருக்கும் தராதே, ரூம்மேட்டாக இருந்தாலும்.

இனி நீ செய்ய வேண்டியது. அந்த ஆள் அனுப்பிய எதையும் அழிக்காதே, பிளாக்கும் பண்ணாதே. ஷூ பேச்சிலிருந்து எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடு. முகாமில் ஊழல் தடுப்பு வகுப்பு எடுத்தபோது யாரிடம் சொல்ல வேண்டும் என்று நம்பர் கொடுத்தார்கள் அல்லவா, நாளைக்குக் காலை பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் அங்கே பேசு. மேனேஜரிடமும் சொல். "எனக்குத் தெரிந்தவர்தான், நல்லவர்" என்று யாராவது அவருக்காகப் பேசினால், அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். தயங்காதே. மேனேஜர் "இதெல்லாம் ஒரு விஷயமாம்மா" என்றால் சிரித்துவிட்டு வந்துவிடாதே. எழுதிக் கொடு, நகல் ஒன்று வைத்துக்கொள், யாரிடம் எத்தனை மணிக்குக் கொடுத்தாய் என்பதை எனக்கு அனுப்பு.

இப்படிக்கு
அப்பா