பார்சலோடு வைத்த கடிதம்

திண்டுக்கல்,
ஜூன் 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் விளக்குகிறாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார். இங்கே அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். இதில் ஒன்றிரண்டு விஷயம் உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது. அதனால்தான் கூழ்வடகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் கேட்டாயே, "ரெண்டு பேர் சம்பாதிச்சும் இருபதாம் தேதிக்கு மேல கையில நிக்கலம்மா, அப்பாவோட மில் சம்பளத்துல எங்க ரெண்டு பேரையும் எப்படி வளர்த்தே?" என்று. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

இங்கேயும் ஒன்றும் மலிவில்லை. தேங்காய் கிலோ எழுபதைத் தொட்டதிலிருந்து நம் வீட்டில் வேர்க்கடலைச் சட்னிதான். சிலிண்டருக்கு ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றினார்கள். துவரம்பருப்பு மட்டும் போன வருஷத்துக்கு இந்த வருஷம் பரவாயில்லை. காபித்தூள்தான் மோசம். என்னண்ணே இப்படி ஏறுது என்றால், பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை சரியில்லாமல் போச்சாம், கடைக்காரர் நேரில் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி சொல்கிறார். முன்பு இருபது சதவீதம் சிக்கரி கலந்து வாங்குவோம். இப்போது நாற்பது. அப்பாவிடம் சொல்லவில்லை. "இப்பல்லாம் டிக்காஷன் நல்லா கெட்டியா இறங்குது" என்கிறார். சிக்கரியின் நிறம், பாவம்.

எண்ணெய்க் கதை தெரியுமா? போன செப்டம்பரில் இறக்குமதி வரியை ஏற்றினார்கள். ரெண்டே நாளில் கடையில் விலை ஏறிவிட்டது, அலமாரியில் இருந்த பழைய பாக்கெட்டுக்கும் சேர்த்து. இந்த மே கடைசியில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு வரியைக் குறைத்தார்கள் என்று பேப்பரில் பார்த்துவிட்டுக் கேட்டால், "இது பழைய ஸ்டாக், அக்கா, தீரட்டும்" என்கிறான் கடைப்பையன். ஏறும்போது இல்லாத பழைய ஸ்டாக் இறங்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? நான் சண்டை போடவில்லை. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் கொடுக்கிறார்கள், பருப்பு கிலோ 30. பாமாயிலைக் காயவைக்கும்போது ஒரு கொட்டைப் புளி போட்டு முறித்துவிட்டால் வாடை தெரியாது. ரேஷன் புழுங்கல் அரிசியில் இட்லி பூவாக வருகிறது. கடை இட்லி அரிசி வாங்கி நாலு வருஷமாகிறது.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021-ல் வந்ததிலிருந்து மார்க்கெட் வேலை முழுக்க என் தலையில் வந்துவிட்டது. "நீ போனா சும்மா போயிட்டு வரலாம், நான் போனா போக வர டிக்கெட்" என்று அப்பா கணக்குச் சொல்லிவிட்டார். கணக்கு சரிதான். எட்டுக் கிலோ பையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற கைக்கு அதில் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அங்கே பெங்களூரிலும் பெண்களுக்கு பஸ் இலவசம், ஆனால் கர்நாடகா முகவரி கேட்கிறார்கள் என்றாயே. ஆதாரில் முகவரியை மாற்று. மெட்ரோவுக்குக் கொட்டுகிற பணத்தில் பாதி மிஞ்சும். மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

வருமானம்? அப்பாவின் பி.எஃப். பென்ஷன் 2,140 ரூபாய். 2017-ல் வாங்க ஆரம்பித்தபோதும் 2,140, இன்றைக்கும் 2,140. கவர்மென்ட் பென்ஷன்காரர்களுக்கு விலைவாசிக்குத் தக்கபடி அகவிலைப்படி ஏறும். நம் தாத்தா அதைப் பஞ்சப்படி என்றுதான் சொல்வார். மில்காரர்களுக்குப் பஞ்சமே வராது என்று நினைத்துவிட்டார்கள் போல, அந்தப் படி கிடையாது. பூட்டுக் கடையில் கணக்கு எழுதப் போகிறாரே, அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. எனக்கு மாசம் உரிமைத்தொகை ஆயிரம் வருகிறது. அது வந்த அன்றே பால்காரருக்கும் சீட்டுக்கும் போய்விடும்.

குறைக்க முடியாதது ஒன்று உண்டு, மொய். எங்கள் கல்யாண மொய் நோட்டை உனக்குக் காட்டியிருக்கிறேனா? 1994. பெரிய ஆள் என்று பெயரெடுத்தவர்களே 101 எழுதியிருக்கிறார்கள். அப்போது பவுன் மூவாயிரத்துச் சொச்சம், இந்த ஜனவரியில் அறுபதாயிரத்தைத் தாண்டியது. 51 எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு இன்று 51 எழுத முடியுமா? ஆயிரத்துக்குக் குறைந்தால் மைக்கில் பெயரை மெதுவாக வாசிப்பார்கள். வைகாசியில் மட்டும் ஏழு பத்திரிகை. இரண்டு பேரும் போகாமல் ஒருவர் போய் எழுதிவிட்டு வருவது என்று வைத்துக்கொண்டோம். சாப்பாட்டில் நஷ்டம், பஸ் காசில் லாபம்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்குப் பேச்சோடு பேச்சாக, "பால் லிட்டருக்கு நாலு ரூபா ஏத்திட்டாங்க, நான் இப்பல்லாம் பால் குடிக்கிறதில்லம்மா, பிடிக்கவே மாட்டேங்குது" என்றாய். உனக்கா பால் பிடிக்காது? டம்ளரில் ஒட்டிய ஆடையை விரலால் வழித்துத் தின்றவள் நீ. அந்தப் பொய்யை நான் இருபது வருஷம் சொல்லியிருக்கிறேன். முட்டை எனக்கு ஒத்துக்காது, புதுச்சேலை எதுக்கு இருக்கிறதே போதும், பசியில்லை நீங்க சாப்பிடுங்க. எப்படி வளர்த்தே என்று கேட்டாயே, அதில் பாதி இப்படித்தான். கெட்டிக்காரத்தனம் என்று ஊர் சொன்னது. நானும் நம்பினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தக்காளி நூறைத் தாண்டிய ஜூலையில், பஸ் ஸ்டாண்டில் மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்றுதான் உன்னிடம் சொன்னோம். வெயில் இல்லை. பிரஷர் மாத்திரையை நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தேன், சில நாள் பாதியாக உடைத்து. டாக்டரம்மா அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுல மாசம் எவ்வளவு மிச்சம் பிடிச்சீங்க?" என்று கேட்டார். தொண்ணூறு ரூபாய். அன்றைக்கு ஊசி, டிரிப்ஸ், ஸ்கேன் எல்லாம் சேர்த்து 2,800 ஆனது. அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இப்போது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாசாமாசம் ஒரு பெண் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறது. முழு மாத்திரைதான் போடுகிறேன், பயப்படாதே.

அதற்கப்புறம் ஒன்று செய்தேன். ஒரு மாசம் வீட்டுப் பணத்தை அப்பா கையில் கொடுத்து, சாமான், காய், பால், கரண்ட் பில் எல்லாம் நீங்களே பாருங்கள், பஸ்ஸுக்கு டிக்கெட் ஆனாலும் ஆகட்டும் என்றேன். முதல் வாரம் மாம்பழம் வாங்கி வந்தார். மூன்றாவது வாரம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கூட்டிக் கூட்டி அழித்துக்கொண்டிருந்தார். ராத்திரி பத்து மணிக்கு, "பெருங்காயம் இவ்வளவு விலையா?" என்றார். முப்பது வருஷமாக அந்த டப்பா சமையலறையில்தான் இருக்கிறது. அதிலிருந்து "போன மாசம் குடுத்தது என்ன ஆச்சு" என்ற கேள்வி நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை அவரே எனக்கும் சேர்த்து முட்டை அவித்துவிடுகிறார்.

மாப்பிள்ளை எக்ஸெல்லில் வரவு செலவு போடுகிறார் என்றாய். நல்லதுதான். பால் ஒரு லிட்டர் முக்கால் லிட்டர் ஆனது அதில் தெரியும், அந்தக் கால் லிட்டர் யாருடையது என்பது தெரியாது. நீதான் வாய்விட்டுச் சொல்லணும். அவர் நல்ல பிள்ளை, சொன்னால் கேட்பார். வாரத்தில் ஒருநாள் வெளியே போய்ச் சாப்பிடுகிறீர்களே, அதை மாசத்துக்கு இரண்டு தடவையாக்கினால் மூன்று பேருக்கும் பால் வந்துவிடும். குட்டிப்பயல் அழுதால் அழட்டும்.

பார்சலில் சாம்பார் பொடி ஒரு கிலோ, பாகற்காய் வத்தல், கூழ்வடகம், தூக்கில் நெய். நெய் உனக்கு. மிளகாய் இந்த வருஷம் காரம் ஜாஸ்தி, பொடியைப் பார்த்துப் போடு. பார்சல் கொண்டுவருகிற பையன் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிறான், அவனிடம் தூக்கைக் கொடுத்துவிடு. அது கல்யாணத்துக்கு உன் அத்தைப்பாட்டி வைத்தது, அடியில் பெயர் வெட்டியிருக்கும். வெறும் தூக்காகக் கொடுத்துவிடாதே, ஒரு கை சர்க்கரையாவது போட்டு அனுப்பு.

அன்புடன்,
அம்மா