மாத்திரையை நம்பிக் குடிக்காதே, கண்ணா

அன்புள்ள மகனுக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னது மனசிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. "வாரக் கடைசியில் கொஞ்சம் குடிக்கிறேன்தான் அப்பா, ஆனால் தினமும் நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரை போடுகிறேன், கல்லீரலுக்கு ஒன்றும் ஆகாது" என்றாய். எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு உட்கார்ந்து நிறையப் படித்தேன்.

நீ சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்துதான் வருகிறது. குடல் சுவரின் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டியிருக்கும். மதுவும், அது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடும் அந்த ஒட்டைத் தளர்த்திவிடுகின்றன. அப்புறம் சில பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நஞ்சு கசிந்து, ரத்தத்தோடு நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் குப்ஃபர் செல்கள் அதைக் கண்டதும் அழற்சியைக் கிளப்புகின்றன. மது நேரடியாகச் செய்யும் கெடுதல் போதாதென்று இதுவும் சேர்ந்துகொள்கிறது. இத்தனை வயதுக்கு எனக்கு இது புதுச் செய்தி.

நல்ல பாக்டீரியா கொடுத்தால் இந்தக் கசிவு குறையுமா என்று பார்த்திருக்கிறார்கள். 1994இல் மது கொடுத்த எலிகளுக்கு லாக்டோபேசில்லஸ் ஜிஜி என்ற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொடுத்தபோது எண்டோடாக்சினும் கல்லீரல் பாதிப்பும் குறைவாக இருந்தன. 2008இல் வெளியான ரஷ்ய ஆய்வில், குடியால் மருத்துவமனையில் சேர்ந்த 66 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு 5 நாள் புரோபயாடிக் கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களுக்கு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற இரண்டு ரத்த அளவுகள் குறைந்திருந்தன.

ஆனால் ஒன்றைக் கவனித்தாயா? அவர்கள் குடியை நிறுத்திவிட்டு மருத்துவமனைக் கட்டிலில் இருந்தவர்கள். குடித்துக்கொண்டே மாத்திரை போட்டவர்கள் இல்லை. அதுவும் 5 நாள்தான். ரத்தத்தில் இரண்டு எண்கள் இறங்குவதும் கல்லீரல் பிழைப்பதும் ஒன்றல்ல.

உன்னிடம் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஸ்கேனில் எனக்கு ஃபேட்டி லிவர் என்று வந்தது. வலி இல்லை, சோர்வு இல்லை, ஒன்றுமே தெரியவில்லை. டாக்டர் குடியை விடச் சொன்னார், விட்டேன். சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கொழுப்பு போயிருந்தது. அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் கல்லீரல் பெரும்பாலும் தேறிவிடும். தழும்பேறிச் சிரோசிஸ் ஆகிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது ரொம்பக் கஷ்டம்.

மாத்திரை பிடித்திருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடு, நான் தடுக்கவில்லை. அதைத் துணைக்கு வைத்துக்கொண்டு குடிக்காதே, அவ்வளவுதான். ஒருவேளை "கொஞ்சம்" என்று நீ சொன்னது கொஞ்சமில்லை என்றால், குடிக்காத நாளில் காலையில் கை நடுங்குகிறது என்றால், தனியாகத் திடீரென்று நிறுத்தாதே. வலிப்பு வரலாம். டாக்டர் துணையோடு நிறுத்து.

இந்த வாரமே எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்து ரிப்போர்ட்டை அனுப்பு. அதில் எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு ஸ்கேன் வேண்டுமா என்று டாக்டரிடம் கேள். வாரத்துக்கு எவ்வளவு குடிக்கிறாய் என்பதையும் உள்ளபடி எழுது. திட்ட மாட்டேன். அம்மாவிடமும் இப்போதைக்குச் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா