அலர்ஜி என்று வருபவருக்கும் ஈசிஜி எடுங்கள்

மட்டக்களப்பு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், வெளிநோயாளர் பிரிவுகளில் வேலை செய்யும் டொக்டர்மார், தாதியருக்கும்,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். தடிப்பு, வீக்கம் என்று வருகிற ஆள் நெஞ்சு நோகிறது என்றால் அப்போதே ஈசிஜி எடுங்கள். நெஞ்சு நோ என்று வருபவரிடமும் ஏதும் குத்தியதா, என்ன சாப்பிட்டீர்கள், என்ன மருந்து போட்டீர்கள் என்று கேளுங்கள்.

ஒவ்வாமையால் மாரடைப்பு வருவதைத்தான் கௌனிஸ் சிண்ட்ரோம் என்கிறார்கள், அது 1991 முதல் மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த விஷயம். ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் கலங்கள் தோலில் மட்டுமா இருக்கின்றன, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடிகளைச் சுற்றியும் இருக்கின்றன, ஒவ்வாமையில் அவை ஹிஸ்டமின், ட்ரிப்டேஸ், கைமேஸ் என்ற இரசாயனங்களையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டும்போது அடைப்பே இல்லாத நாடிகூட இறுகிச் சுருங்கிவிடும். ஏற்கெனவே கொழுப்புப் படிந்து அழற்சியோடு இருக்கும் நாடி என்றால் அந்தப் படிவு வெடித்து இரத்தம் உறையவும் கூடும்.

என் மாமாவுக்கு வவுணதீவுப் பக்கம் வயலில் குளவி குத்தியது. உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துப்போய்த்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அலர்ஜிக்குப் போடும் பிரிட்டோன் ஊசி போட்டு வாங்கில் இருத்திவிட்டார்கள். வியர்த்துக் கொட்ட, இடது கையைப் பிடித்துக்கொண்டு "நெஞ்சை அமத்துது மகள்" என்றார், அது வாயு என்று சொன்னார்கள். மாமி சத்தம் போட்ட பிறகுதான் ஈசிஜி. மாரடைப்பு! பிறகு அஞ்சியோகிராம் செய்து பார்த்தால் நாடியில் அடைப்பே இல்லை.

நேரத்துக்குக் கண்டுபிடித்தால் மருந்தும் மாறும், அதுதான் முக்கியம். நோவுக்குக் கொடுக்கும் மோர்பின் மாஸ்ட் கலங்களை இன்னும் கிளறிவிடலாம், இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா புளொக்கர், கடும் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் அட்ரினலினின் வேலையைக் குறைக்கலாம். ட்ரிப்டேஸ் பரிசோதனைக்கு முதல் சில மணித்தியாலத்துக்குள் இரத்தம் எடுக்க வேண்டும், குணமான பின் இன்னொரு தரமும் பார்க்க வேண்டும். அப்போதும் கூடுதலாக இருந்தால் மாஸ்ட் கலங்கள் அளவுக்கு மீறிப் பெருகும் மாஸ்டோசைட்டோசிஸ் போன்ற நோய் உள்ளே இருக்கலாம், அப்படிப்பட்டவருக்கு அடுத்த குளவிக்கடி உயிராபத்தாகலாம்.

இங்கே குளவி மட்டுமில்லையே. வாவி இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், பார்மசியில் கேட்டு வாங்கிப் போடும் நோ மாத்திரை டைக்ளோபினாக், கிருமிக்கொல்லி அமொக்சிசிலின் இருக்கிறது. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரை மீனில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது.

அதனால், ஒவ்வாமைக்கு வைத்தியம் பார்க்கும் இடங்களிலெல்லாம் இதை ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது எதனால் வந்தது என்று கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். மாமாவின் கொப்பியில் இன்னும் மாரடைப்பு என்று மட்டும்தான் இருக்கிறது, குளவி பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இப்படிக்கு,
வவுணதீவிலிருந்து ஒரு மருமகள்