அந்த 112 நாள்

என் அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. "அவ ஒரு மாசம் முன்னாடி திரும்பி வந்திருந்தா இந்நேரம் பிரிட்டிஷ் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளிகேஷன் போட்டு முடிச்சிருப்போம்மா" என்றாய். உன் மனைவி பக்கத்திலேயே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது இங்கே லண்டன் ஈஸ்ட் ஹாம் வரைக்கும் எனக்குக் கேட்டது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய் என்றுதான் எழுதுகிறேன். அப்பாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். போன மாதம் அவள் இங்கே வந்திருந்தபோது ஒரு மஞ்சப்பை நிறைய போர்டிங் பாஸ் கொண்டுவந்தாள். 2019-இல் வந்து இறங்கிய நாளிலிருந்து ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் தேதிவாரியாகப் பரப்பினோம். பாஸ்போர்ட்டில் திருச்சி முத்திரை ஒன்று மங்கலாக இருந்தது. மேஜை விளக்கை இழுத்து, என் கண்ணாடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடி மாதிரி பிடித்துத்தான் படிக்க முடிந்தது. போன வருடம் ஜூன் 10 இங்கிருந்து கிளம்பினாள், அக்டோபர் 1 திரும்பி வந்தாள். போன நாளும் வந்த நாளும் கணக்கில் சேராது. நடுவில் முழுதாக 112 நாள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 90 நாளுக்கு மேல் இந்த நாட்டுக்கு வெளியே இருந்திருக்கக் கூடாது. உனக்குக் கோபம் அந்த 22 நாளுக்காகத்தான்.

அந்த 22 நாளில் அவள் என்ன செய்தாள் என்று கேட்டாயா? அவள் அப்பாவுக்கு பைபாஸ் செய்து, நெஞ்சுக்கூட்டைத் திறந்து மூடியிருந்தார்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் மனுஷன் இருமுவார். அந்தத் தலையணையை எடுத்துக் கொடுக்க ராத்திரி எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தாள். வீட்டுக்கு ஒரே பெண். ஒரு மாதம் முன்னால் யாரை நம்பி விட்டுவிட்டு வந்திருப்பாள்?

வருகிற ஜூலை 3 தாண்டி விண்ணப்பம் போட்டால், அதற்கு முந்தைய 12 மாதத்தில் அவள் வெளியே இருந்தது 90 நாளுக்கு மேல் வராது. மூன்று வருடத்துக்கு மொத்தம் 270 நாள் என்ற வரம்புக்கு அவள் கிட்டேகூடப் போகவில்லை. ஆனால் நீ கவனிக்காத ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக மூன்று வருடம் முன்னால், அந்தத் தேதியில், அவள் இந்த நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். 2023 ஜூலையில் நீங்கள் இரண்டு பேரும் பத்து நாள் ஸ்பெயின் போனீர்களே, அந்தத் தேதிகளில் விண்ணப்பத்தைப் போட்டுவிடாதே. அவசரமே வேண்டாம், ஆகஸ்டில் போடட்டும். 1,600 பவுண்டுக்கு மேல் கட்டுகிறோம். நிராகரித்தால் குடியுரிமை விழாவுக்கான கட்டணம் மட்டும்தான் திரும்பி வரும், மீதி வராது. நூலகத்தில் வேலை பார்த்த வருடங்களில் இந்தப் படிவத்தோடு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். 90, 270 எல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள், இந்த ஒரு நாளை மறந்துவிடுவார்கள்.

இரண்டு பேர் சாட்சி வேண்டும். அவளை மூன்று வருடமாவது தெரிந்திருக்க வேண்டும், சொந்தக்காரர்களாக இருக்கக் கூடாது, அதனால் நானோ அப்பாவோ கையெழுத்துப் போட முடியாது. உன் ஆபீஸ் நண்பர்களைக் கேட்பதாகச் சொன்னாயாம். வேண்டாம் கண்ணா. அவள் வேலை பார்க்கிற பள்ளியில் ஒரு டீச்சர் அவளுக்கு நல்ல சிநேகிதி. இன்னொருவரையும் அவளே கேட்டுக்கொள்ளட்டும். இந்த ஊரில் தன்னைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் தனக்கு இருக்கிறார்கள் என்று அவளுக்கே தெரிய வேண்டாமா?

இனி எழுதுவதை உனக்கு இதுவரை சொன்னதில்லை.

நான் 1990-இல் வந்தேன். 1995-இல் எனக்கு பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. அப்போது பரீட்சை இல்லை, விழா இல்லை, மனைவிக்கு ஆங்கிலம் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. படிவம் முழுவதையும் உன் அப்பாதான் நிரப்பினார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். குறி இருந்த இடத்தில் போட்டேன். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, ராணிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிமொழி சொன்னேன். கொஞ்ச நாளில் சான்றிதழ் தபாலில் வந்தது. அதோடு என் இந்தியக் குடியுரிமை போய்விட்டது என்று எனக்குத் தெரியாது. இந்தியச் சட்டம் இரண்டு குடியுரிமையை ஒப்புக்கொள்ளாது. 1955-ஆம் வருடத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

1998 நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, கும்பகோணத்தில் தாத்தா போய்விட்டார். உனக்கு ஆறு வயது. டிக்கெட் கிடைத்தது, விசா இல்லை. நான் பிறந்த வீட்டுக்குப் போக எனக்கு விசா வேண்டியிருந்தது. சனி, ஞாயிறு எல்லாம் மூடியிருந்தது. திங்கட்கிழமை விடியற்காலை இருட்டிலேயே போய் வரிசையில் நின்றேன். ஊரில் சனிக்கிழமை மாலையே எடுத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது திண்ணையில் அவர் செருப்பு மட்டும் இருந்தது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியர்கள் விசா இல்லாமல் ஊருக்குப் போய்வர உதவும் ஓ.சி.ஐ. அட்டை எல்லாம் அதற்கு ஏழு வருடம் கழித்துத்தான் வந்தது.

உன் அப்பா என்னை ஏமாற்றவில்லை. எனக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் தானே செய்தார். அதே அன்பும் அதே வேகமும் உன்னிடமும் இருப்பதைப் பார்க்கிறேன், அதனால்தான் பயமாக இருக்கிறது.

போன வருடம் நிரந்தரக் குடியிருப்புக்காக அவள் 'லைஃப் இன் தி யுகே' பரீட்சை எழுதினாளே, அந்தப் புத்தகத்தை நானும் உட்கார்ந்து படித்தேன். 1870 வரை இந்த நாட்டில் கல்யாணமான பெண்ணின் சம்பாத்தியமும் சொத்தும் தானாகவே புருஷனுக்குப் போய்விடும் என்று இருக்கிறது. 1870-லும் 1882-லும் வந்த சட்டங்கள்தான் அதை மாற்றின. குடியுரிமையும் அப்படித்தான் இருந்தது. 1948 வரை பிரிட்டிஷ்காரனைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பெண், கேட்டாலும் கேட்காவிட்டாலும் பிரிட்டிஷ் ஆகிவிடுவாள். இன்றைக்கு அவளே விண்ணப்பிக்க வேண்டும், அவளே உறுதிமொழி சொல்ல வேண்டும். அதை நீ அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளாதே. படிவத்தை அவள் நிரப்பட்டும். கேட்டால் மட்டும் உதவி செய்.

அவளுக்கு இதில் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்று இரண்டு பேரும் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். ஓட்டு கிடைக்கும் என்று சொல்லாதே. இந்தியர்கள் காமன்வெல்த் குடிமக்கள், இங்கே குடியிருந்தால் ஏற்கெனவே ஓட்டு உண்டு. நான் 1992 தேர்தலில் இந்திய பாஸ்போர்ட்டோடுதான் ஓட்டுப் போட்டேன். அவளுக்கு உண்மையில் கிடைப்பது வேறு. நிரந்தரக் குடியிருப்பு மட்டும் இருந்தால், தொடர்ந்து இரண்டு வருடம் வெளியே தங்கினால் அது போய்விடும். குடியுரிமை இருந்தால் அப்பாவுக்கு முடியாமல் போகிற காலத்தில் எத்தனை நாள் வேண்டுமானாலும் திருச்சியில் இருந்துவிட்டு வரலாம், எந்த மேஜையிலும் நாள் எண்ண வேண்டாம். இழப்பும் இருக்கிறது. இந்தியாவில் ஓட்டு போகும், விவசாய நிலம் வாங்க முடியாது. ஆனால் லால்குடிப் பக்கம் அவள் அப்பா வைத்திருக்கும் நிலம் வாரிசாக அவளுக்கு வரலாம், அதற்குத் தடை இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு குழம்புகிறாள், கேட்கக் கூச்சப்படுகிறாள். நீயே சொல்லிவிடு.

விழாவில் உறுதிமொழி சொன்ன நிமிடத்திலிருந்து இந்திய பாஸ்போர்ட்டில் அவள் பயணம் செய்யக் கூடாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்து, பழையதை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, பிறகுதான் ஓ.சி.ஐ. அந்த இடைவெளியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பதில் வர ஆறு மாதம்கூட ஆகலாம். விண்ணப்பம் போட்ட பிறகு வெளியே போகிற நாள் அந்த 90-இல் சேராது. அதனால் பயோமெட்ரிக் கொடுத்து முடித்ததும் அவள் ஒருமுறை திருச்சிக்குப் போய், அப்பாவைப் பார்த்து, அந்தப் பழைய பாஸ்போர்ட்டிலேயே திரும்பி வரட்டும். டிக்கெட் நான் எடுக்கிறேன். நாள் குறைத்து எடுக்கமாட்டேன்.

என் பழைய பாஸ்போர்ட் இன்னும் பீரோவில் கூறைப்புடவைக்குக் கீழே இருக்கிறது. ரத்து செய்ததற்கு அடையாளமாக மூலையை வெட்டியிருப்பார்கள். விரலால் தடவினால் அந்த முனை இன்னும் குத்தும். உள்ளே இருபத்திரண்டு வயது முகம், ஜிமிக்கி போட்டுக்கொண்டு. போன மாதம் அவளிடம் எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள், ஒன்றும் பேசவில்லை.

விழா அன்றைக்கு நீ லீவு போட்டுவிடு. மதியம் வேலைக்கு ஓடுகிற வேலை வேண்டாம். நானும் அப்பாவும் பின்னால் உட்கார்ந்துகொள்கிறோம். கடவுள் பெயரால் சொல்லலாம், கடவுள் பெயர் இல்லாமலும் சொல்லலாம், எது என்று அவளே முடிவு செய்யட்டும். முடிந்ததும் போட்டோ எடுத்து எல்லா குரூப்பிலும் போடுகிறேன் என்று ஆரம்பிக்காதே. முதலில் அவள் திருச்சிக்குப் போன் போட்டு அப்பாவிடம் தானே சொல்லட்டும். அவள் பேசி முடிக்கும் வரை நீ பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்.

அன்புடன்,
அம்மா